பச்சையே இல்லாத சாட்சி

செல்லியம்மா அந்தக் காகிதத்தை என் முகத்தில் விட்டெறிந்தபோது மணி காலை ஏழு. நல்லவேளை, கையில் இருந்தது காகிதம். பக்கத்தில் இருந்த மைக்கூட்டை எடுத்திருந்தால் இந்த அத்தியாயத்தை ஒற்றைக் கண்ணோடுதான் எழுதிக்கொண்டிருப்பேன்.

"இன்னாய்யா எழுதி வெச்சிருக்கீங்க? மல்லிகைத் தோட்டமா? எங்க ரெண்டு ஏக்கர்ல மல்லிகைத் தோட்டமா? எந்தக் கபோதிய்யா எழுதினான் இத்த?"

சித்தூர் கடைத்தெரு மாடியில் இருக்கும் எங்கள் ஆபீசுக்கு அந்த நேரத்தில் யாரும் வருவதில்லை. துப்பறியும் உமாபதி அப்போதுதான் ஷேவிங்கை முடித்துவிட்டு வந்தார். ஒரு காதில் இன்னும் சோப்பு நுரை இருந்தது. நான் அவருடைய உதவியாளன் சிட்டிபாபு. வழக்கு இல்லாத மாதங்களில் தாலுகா ஆபீசுக்குத் தெலுங்கிலிருந்து தமிழில் காகிதம் பெயர்த்துக் கொடுத்து வயிற்றைக் கழுவுகிறவன். ஆந்திர ராஜ்யம் பிரிந்து மூன்றாவது வருஷம் நடக்கிறது. ஆபீசுக் காகிதம் எல்லாம் தெலுங்குக்கு மாறிவிட்டது. எல்லையோரத் தமிழ்க் குடியானவனுக்கு அதிலே ஓர் அட்சரம் புரியாது. எனக்கு அதனால்தான் பிழைப்பு.

காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். அடியில் இருந்த கையெழுத்து என்னுடையது.

"அந்தக் கபோதி நான்தாம்மா" என்றேன்.

மைக்கூட்டை உமாபதி சார் ஓசைப்படாமல் நகர்த்தி வைத்தார்.

"உட்காருங்கம்மா. மொதல்லேர்ந்து சொல்லுங்க."

செல்லியம்மா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். புத்தூருக்குத் தெற்கே ஈச்சம்பள்ளம் அவர்கள் ஊர். ஏரிக்கரைக்குக் கீழே எப்போதும் ஈரம் கசிகிற இரண்டு ஏக்கர். பொறம்போக்காகக் கிடந்ததை அவளும் புருஷன் பாலையாவும் ஒன்பது வருஷமாகத் திருத்திப் பயிர் வைத்தார்கள். மிட்டா, ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டதால் உழுதவனுக்குப் பட்டா. அவர்களும் எழுதிப் போட்டார்கள். இந்த வருஷம் வைத்தது புகையிலை.

"தைக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுத்துக்கினு போனோம். ரெண்டு நாளு. திரும்பி வந்து பார்த்தா ஒரு செடி இல்ல. மிட்டாதார் ஆளுங்க வேரோட பிடுங்கி, மேலோட்டமா ஏர் ஓட்டி, பரம்படிச்சி, மாட்ட உட்டுட்டாங்க. ஏரித் தண்ணி கசியற மண்ணு. இருவது நாள்ல அருகும் கோரையும் மூடிக்கிச்சி. இப்ப வந்து கேட்டா, 'இது எங்க மேய்ச்சப் புல்லு, எந்தக் காலத்துல இங்க பயிர் இருந்திச்சி'ன்னு கேக்கறானுங்க!"

"நீங்க பயிர் வெச்சதை சர்க்கார் ஆளு யாரும் பாக்கலியா?"

"பார்த்தாரே! மார்கழில ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ. வந்தாரு. வரப்பு மேல நின்னுக்கினு பென்சில்ல எழுதிக்கினாரு. அந்த மவராசன் மாசம் திரும்பறதுக்குள்ள நெஞ்சு வலில பூட்டாரு. அவரு எழுதினத தமிழ்ல படிச்சிக் காட்டறாங்க, 'மல்லிகைத் தோட்டம்'னு! 'ஏண்டா, நீ புகையிலைங்கற, ஆர்.ஐ. மல்லிகைங்கறாரு, நெலத்துல பார்த்தா புல்லு. பொய்ச் சத்தியமா பண்ற?'ன்னு கேட்டு என் வூட்டுக்காரரப் புத்தூர் சப்-ஜெயில்ல போட்டுட்டாங்க. இன்னிக்கு மூணு மணிக்கு தாசில்தார் நெலத்துக்கு வராரு. புல்லப் பார்த்துட்டு மிட்டாதார் பேருக்கே எழுதிட்டுப் போயிடுவாரு. அதோட எங்க கதை முடிஞ்சுது."

சொல்லி முடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"சிட்டி, ஆர்.ஐ. தெலுங்குல என்ன எழுதியிருந்தார்? அப்படியே சொல்லு" என்றார் சார்.

எனக்கு மனப்பாடம். ஒரே வரி. "'மல்லெ எக்குவ. பைரு சகம் போயிந்தி.' மல்லெ அதிகம், பயிர் பாதி போய்விட்டது. மல்லென்னா மல்லிகை சார். பச்சைக் குழந்தைக்குத் தெரியும்."

"பச்சைக் குழந்தைகிட்டயே குடுத்திருக்கலாம். மல்லிகை அதிகமா இருந்தா பயிர் ஏண்டா பாதி போகுது?"

இரண்டு மாதமாக அந்த வரியைத் தாசில்தார் படித்திருக்கிறார், குமாஸ்தாக்கள் படித்திருக்கிறார்கள், நான் இரண்டு பிரதி எடுத்திருக்கிறேன். ஒருவனுக்கும் இது உறைக்கவில்லை.

"மல்லெங்கிறது பயிரைக் கெடுக்கிற ஏதோ ஒண்ணு" என்றார் சார். "அந்த ஆர்.ஐ. எந்த ஊர்க்காரர்?"

"குண்டூர்ப் பக்கம்."

"புகையிலைச் சீமை. குண்டூர்க்காரன் மல்லெயைப் பிடிச்சு நீ சித்தூர் மல்லெயாக்கிட்டே. முட்டாள்! இதுக்கு ஒருத்தன் ஜெயில்ல உட்கார்ந்திருக்கான்!"

சார் என்னைத் திட்டுவது அபூர்வம். திட்டும்போது காதில் சோப்பு நுரை இருந்ததை நான் சுட்டிக்காட்டியிருக்கக் கூடாது. சட்டையை மாட்டிக்கொண்டு அவர் மாடிப்படி இறங்கிய சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

"குண்டூர்ப் பொண்ணு ஒருத்தி திருப்பதி காலேஜ்ல தாவரப் பாடம் நடத்துறா. வரலட்சுமி. அவ அப்பா புகையிலை விவசாயி. எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கணும். நீங்களும் வாங்கம்மா."

*

புத்தலப்பட்டில் பஸ் டயர் பஞ்சர் ஆனது. அரை மணி நேரம் போயிற்று. செல்லியம்மா ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. டிரைவரை மட்டும் ஒரு முறை, "சாவகாசமா மாட்டுய்யா, பொறந்த ஊட்டுக்கா போறோம்?" என்று கேட்டாள். அதற்கப்புறம் டயர் மளமளவென்று ஏறிவிட்டது.

திருப்பதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. வரலட்சுமி பரிசோதனைச் சாலையில் பையன்களுக்குத் தவளையைக் காட்டிக்கொண்டிருந்தாள். தாவர வாத்தியாருக்குத் தவளை எதற்கு என்று கேட்க நினைத்தேன். சாரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

"புகையிலைக் காட்டில் மல்லெ அதிகம், பயிர் பாதி போச்சு. இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

வரலட்சுமி சிரித்துவிட்டாள். "பொகாகு மல்லெ! பொகாகுன்னா புகையிலை. எங்க ஊர்ல இந்தப் பேரைச் சொன்னா ரைத்துங்க அழுவாங்க சார். நீங்க மல்லிகைன்னு நினைச்சீங்களா?"

"நான் நினைக்கல" என்றார் சார். மேற்கொண்டு சொல்லாதது அவருடைய பெருந்தன்மை.

அலமாரியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வந்தாள். அதில் காய்ந்த செடி ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு சாண் உயரத் தண்டு. இலையே கிடையாது. இலை இருக்க வேண்டிய இடத்தில் மீன் செதிள் மாதிரி என்னமோ ஒட்டிக்கொண்டிருந்தது. தண்டின் மேல்பாதி முழுக்க வெளுத்துப்போன பூக்கள். அடியில் வெங்காயம் போல ஒரு கிழங்கு.

"பாருங்க, எங்கயாவது பச்சை இருக்கா? புதுசாப் பிடுங்கினாலும் இருக்காது. பச்சையம் கிடையாது. வெயில்ல தன் சோத்தைத் தானே சமைக்கிற வித்தை இதுக்குத் தெரியாது. மண்ணுக்கு அடியிலயே புகையிலை வேர்ல வாயை வெச்சு உறிஞ்சும். இது கொழுத்து மேல வந்து பூக்கும். புகையிலை வாடிப்போகும்."

"அடுத்த வீட்டு அடுப்பிலேயே ஆயுசுக்கும் சாப்பாடு" என்றேன். "மிட்டாதாருக்குச் சொந்தமோ?"

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் செல்லியம்மா அந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இது காளான்! புகையிலைக் காளான்! இத்தத்தானேய்யா நான் ரெண்டு மாசமா கத்திக்கினு இருக்கேன்! காளான் துன்னு பாதிப் பயிர் பூட்ச்சின்னு தாலுகா ஆபீஸ்ல சொன்னேன். மழைக்கு மொளைக்கற காளானான்னு சிரிச்சாங்க. குடை மாதிரி இருக்குமேன்னு கையக் காட்டிக் கேலி பண்ணாங்க. ஆர்.ஐ. எழுதினது இதுவா? நான் சொன்னதும் அவரு எழுதினதும் ஒண்ணா?"

பரிசோதனைச் சாலையே அமைதியாகிவிட்டது. தவளை கூட அசையவில்லை. அது செத்த தவளை என்பது வேறு விஷயம்.

தமிழில் காளான். தெலுங்கில் மல்லெ. செடி ஒன்று. இரண்டு பாஷை தெரியும் என்று மார்தட்டித் திரிகிற நான் நடுவில் உட்கார்ந்து ஒரு குடியானவனை ஜெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன். எனக்கு யார் மேல் கோபம் வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. அந்த அட்டைமேல் கூட வந்தது.

"அது சரி" என்றார் சார். "செடியை எல்லாம் வேரோட பிடுங்கியாச்சு. இப்ப அங்க புல்லுதான் இருக்கு. இதுவும் செத்துப்போயிருக்குமா?"

"உடனே சாகாது சார். இந்தக் கிழங்குல திருடின சோறு சேர்த்து வெச்சிருக்கு இல்ல? எவ்வளவு இழுத்தாலும் அறுந்த வேர்த் துண்டு மண்ணுல நிக்கும். கிழங்கும் அதோட நிக்கும். மாசி மாசம்தான் இது தலை தூக்குற காலம். கடைசியா ஒரு தடவை பூத்துட்டுத்தான் போகும்."

செல்லியம்மா மெதுவாகச் சொன்னாள். "முந்தாநாளு ரோட்டுமேல நின்னு பார்த்தேன். உள்ள கால் வெக்க உடல. புல்லுக்குள்ள வெள்ளையா என்னமோ தெரிஞ்சுது. கொக்குக் கூட்டம்னு நெனைச்சேன்."

சார் எழுந்துவிட்டார். வரலட்சுமி வாசல் வரை வந்தாள்.

"ஒண்ணு கேட்டுக்குங்க சார். ஈரப் புல்வெளியில இதே மாதிரி பச்சையில்லாத பூ இன்னொண்ணு உண்டு. அது புல்லு வேர்ல ஒட்டும். எதிராளி கெட்டிக்காரனா இருந்தா அதைச் சொல்லித் தப்பிப்பான். அதுக்கு ஒரு தண்டுக்கு ஒரே பூ, தலை தொங்கிக்கிட்டு இருக்கும், மழைக் காலத்துல வரும். இது நிமிர்ந்து நிக்கும், தண்டு முழுக்கப் பூ. சந்தேகம் வந்தா தோண்டிப் பாருங்க. எந்த வேரைக் கடிச்சுக்கிட்டு இருக்குதோ அதுதான் பதில்."

*

இனி நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம். மறைக்கப் போவதில்லை.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் புத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். சாரும் செல்லியம்மாவும் நிழலில் நின்றார்கள். நான் சோடாக் கடைக்குப் போனேன். சந்தோஷம் தொண்டை வரைக்கும் இருந்தது. பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்ட ஓர் ஆசாமி. ஜிப்பா, கையில் தோல் பை. "எங்க பயணம்?" என்று மரியாதையாகக் கேட்டார். தமிழ் கேட்ட உற்சாகத்தில் கொட்டிவிட்டேன். ஈச்சம்பள்ளம், புல்லுக்குள் பூ, அதைத் தாசில்தாருக்குக் காட்டினால் மிட்டாதார் அம்பேல் என்று எல்லாவற்றையும்.

"பலே" என்றார் அவர். சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு எதிரே நின்ற காரில் ஏறிப் போனார்.

நான் இதைச் சாரிடம் பஸ்ஸில் சொன்னபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரேணிகுண்டா வரைக்கும் திரும்பவில்லை.

*

இரண்டரை மணிக்கு ஈச்சம்பள்ளம். ஏரிக்கரையின் கீழே, கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒரு பசும்புல் தரை. கணுக்கால் உயரப் புல், நடந்தால் ஈரம் செருப்பில் ஒட்டுகிறது. ஏழெட்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

ஒரு பூ கூட இல்லை.

தாசில்தாரின் ஜீப் வந்து நின்றிருந்தது. அவர் தெலுங்கர். தமிழ் அரைகுறை. குடை பிடித்த டவாலியும் ஒரு கான்ஸ்டபிளும் பின்னால் நின்றார்கள். பக்கத்தில் கூலிங் கிளாஸ் ஆசாமி. மிட்டாதாரின் ஏஜெண்ட் தாமோதரன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்து, "சோடா நல்லா இருந்திச்சா தம்பி?" என்று கேட்டான்.

அவன் மூக்கில் குத்தியிருப்பேன். சார் என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார்.

"அழகான புல்லு" என்றார் சார், தாமோதரனிடம். "எத்தனை வருஷமா புல்லு?"

"எங்க மிட்டாதார் தாத்தா காலத்துல இருந்து."

"ஏர் பட்டதே இல்ல?"

"பட்டதே இல்ல. சீக்கிரம் முடியுங்க சார். எல்லைத் தகராறு நடக்குது. நாளைக்கே இந்த ஊரு மெட்ராஸ் பக்கம் போனாலும் போயிடும். அதுக்குள்ள பட்டாவை முடிக்கணும்."

சார் குனிந்து புல்லுக்குள் எதையோ பார்த்தார். ஒரு குழி. கட்டைவிரல் நுழைகிற அளவு. மண் இன்னும் ஈரமாகக் கிளறியிருந்தது. இரண்டடி தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"செல்லியம்மா, கயிறு இருக்கா?"

மாட்டின் கழுத்திலிருந்த நீள மேய்ச்சல் கயிற்றை அவள் அவிழ்த்தாள். மாட்டுக்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டான். ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையைச் சார் பிடித்தார். முதல் குழியிலிருந்து கயிற்றை இழுத்துக் கட்டினோம். பதினோரு குழி. பத்து, கயிற்றுக்கு நேர் கீழே. பக்கத்தில் மூன்றடி தள்ளிக் கயிற்றை மாற்றினோம். அங்கேயும் வரிசை.

தாசில்தார் குடையை விட்டு வெளியே வந்தார்.

"மாடு மிதிச்ச குழி சார்" என்றான் தாமோதரன்.

"மாடு கயிறு பிடிச்சிக்கினு நடக்குமா?" என்று செல்லியம்மா கத்தினாள். "எங்க வூட்டுக்காரரு கயிறு கட்டித்தான்யா நாத்து நட்டாரு! ரெண்டடிக்கு ஒரு செடி, மூணடிக்கு ஒரு வரிசை!"

"இது இப்பத்தான் எதையோ பிடுங்கின குழி" என்றார் சார், அமைதியாக. "எதைப் பிடுங்கினீங்க?"

தாமோதரன் கொஞ்சம் யோசித்தான். கெட்டிக்காரன்தான். "புல்லுல வர்ற பூ சார். ஈரத்துல தானா வரும். பச்சையே இருக்காது. மாடு துன்னா கழியும்னு பிடுங்கச் சொன்னேன்."

வரலட்சுமி எச்சரித்த அதே பொய். பூவே இல்லாதபோது, ஒரு பூவா தண்டு முழுக்கவா, தொங்கியதா நிமிர்ந்ததா என்று எதைக் காட்டுவது?

சார் அவன் பக்கத்தில் போய்த் தோளில் கை போட்டார். குரலைத் தாழ்த்தி, அவனோடு சேர்ந்து அலுத்துக்கொள்கிறவர் மாதிரி பேசினார்.

"பெரிய தொல்லைங்க அது. இத்தனை காட்டையும் பிடுங்க எத்தனை ஆள் விட்டீங்க?"

"ஆறு பேரு."

"ஆறு பேர் பிடுங்கியும் போகாதுங்க. எங்க பக்கம் ஒருத்தர் சுட்டெரிச்சுப் பார்த்தார். மறுபடி வந்துது."

"சுட்டா போவுமா? வெத மண்ணுலயே கெடக்கும் சார். புகையிலைக் காளான ஒழிக்கணும்னா—"

நிறுத்திவிட்டான். நிறுத்துவதற்குள் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசியிருந்தான்.

"என்ன காளான்?" என்றார் சார்.

தாமோதரன் கூலிங் கிளாஸைக் கழற்றினான். மறுபடி மாட்டிக்கொண்டான்.

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். "ஏமண்டாடு?" என்ன சொல்கிறான் என்று கேட்கிறார். காளான் என்ற சொல் அவருக்குத் தெரியாது.

அங்கே எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காளானுக்குத் தெலுங்கில் புட்டகொடுகு. அகராதி அப்படித்தான் சொல்லும். அதைச் சொன்னால் அவர் மழைக்கு முளைக்கிற குடைக்காளான் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போவார். நான் இரண்டு மாதத்துக்கு முன் செய்த வேலையை அட்சரம் பிசகாமல் மறுபடி செய்திருப்பேன்.

"பொகாகு மல்லெ அண்டாடு சார்" என்றேன். அப்புறம் தெலுங்கிலேயே, நிறுத்தாமல், எல்லாவற்றையும் சொன்னேன். குண்டூர்ப் பேச்சில் மல்லெ என்றால் என்ன, அது எந்த வேரில் ஒட்டும், செத்துப்போன ஆர்.ஐ. எழுதியது எது, அதை மல்லிகைத் தோட்டம் என்று பெயர்த்த மடையன் யார் என்று எல்லாவற்றையும். கடைசி விஷயத்தைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. உடையட்டும்.

தாசில்தாரின் முகம் கறுத்தது. "புல்வெளியில் புகையிலை மல்லெ எப்படி வரும்?" என்று தாமோதரனைத் தெலுங்கில் கேட்டார்.

"வாய் தவறிச் சொல்லிட்டேன் சார். புல்லுப் பூதான்."

"அப்போ மண்ணைக் கேட்டுடலாம்" என்றார் சார். "மண்வெட்டி?"

அதற்குள் செல்லியம்மா மண்வெட்டியோடு இறங்கிவிட்டாள். இருபது நாளாகக் கால் வைக்கவிடாத நிலம். முதல் வெட்டு அவள் வெட்டியதில் ஈர மண் தாமோதரனின் ஜிப்பாவில் போய் அப்பியது. தெரியாமல் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

குழிக்குக் கீழே அரைச் சாணில் கிழங்கு கிடைத்தது. மேலே தண்டை ஒடித்தவர்கள் கிழங்கை விட்டுவிட்டார்கள். சார் அதை வாளித் தண்ணீரில் கழுவினார். கிழங்கின் வாய் ஒரு பழுப்பு வேரைக் கவ்விக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் தடிமன், கட்டை மாதிரி முறுகிய வேர். அருகம்புல்லின் வேர் நூல் தடிமன் கூட வராது.

"எந்தப் புல்லுய்யா இவ்வளவு பெரிய வேர் விடும்?" என்று சார் கேட்டார். "உன் மிட்டாதார் தாத்தா காலத்துப் புல்லா?"

அடுத்த குழி. அதே கிழங்கு, அதே வேர். அதற்கடுத்த குழியில் மண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே இன்னும் பிடுங்கப்படாத முளைகள், நான்கைந்து. மஞ்சளும் பழுப்புமாக நிமிர்ந்து நின்றன. பச்சை பேருக்குக்கூட இல்லை. ஒவ்வொரு தண்டிலும் மொட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒரே பூ விடுகிற ஜாதி இல்லை என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

தாசில்தார் டவாலியைக் கூப்பிட்டு, முளைகளைச் சுற்றி நான்கு கல் வைக்கச் சொன்னார். "சாட்சியம். யாரும் தொடக்கூடாது" என்றார். ஜீப்பின் மேல் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். தாமோதரன் கார் இருந்த பக்கம் மெதுவாக நகர்ந்தான். கான்ஸ்டபிள் அவன் கூட நகர்ந்தார்.

"பாலையாவை விடுதலை பண்ண உத்தரவு போடுகிறேன்" என்று தாசில்தார் என்னிடம் தெலுங்கில் சொன்னார். "காகிதம் புத்தூருக்குப் போய்ச் சேர்ந்து, புதன்கிழமைக்குள்—"

நான் தமிழில் சொன்னேன். செல்லியம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டு, வெட்டிய மண் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"புதன்கெழமையா? உள்ள போடறதுக்கு எத்தனி நாளு ஆச்சி? அரை நாளு! பொய்ன்னு சொன்னப்ப உங்க ஜீப்புலதானே இட்டுக்கினு போனீங்க? அதே ஜீப்புல இட்டுக்கினு வாங்க. நான் இங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன். இருட்டினாலும் சரி, பாம்பு வந்தாலும் சரி. இத்த அவருக்குத் தெலுங்குல சொல்லுய்யா. ஒரு வார்த்தை மாத்தாம சொல்லு!"

ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒழுங்கான மொழிபெயர்ப்பு அதுதான். தாசில்தார் டிரைவருக்கு ஜீப் பக்கம் விரலைக் காட்டினார். புத்தூர் ஆறு மைல்.

ஜீப் திரும்பி வந்தபோது வெயில் ஏரிக்கரை மேல் சாய்ந்திருந்தது. பாலையா இறங்கினார். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. யார் அடித்தது என்று யாரும் கேட்கவில்லை. தாசில்தார் பார்வையைக் காகிதத்தில் வைத்துக்கொண்டார்.

சார் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். கல் வைத்த இடத்தைக் காட்டி, "உங்க நிலத்தைக் காப்பாத்தின சாட்சி" என்றார்.

பாலையா அந்த முளைகளைப் பார்த்தார். சுற்றியிருந்த ஜிப்பாவையும் ஜீப்பையும் குடையையும் பார்த்தார். அப்புறம் இரண்டு ஏக்கர் புல்லையும், பெண்டாட்டி உட்கார்ந்திருந்த மண்ணையும். அவர் கழுத்து நரம்பு புடைத்து எழுந்தது.

"எழுதிக்கினீங்களா சார்?" என்று தாசில்தாரைக் கேட்டார்.

நான் தெலுங்கில் கேட்டேன். தாசில்தார் தலையை ஆட்டினார்.

"எழுதிக்கினா நவுருங்க. இது வெத கொட்டிச்சின்னா இருவது வருசம் எந்தப் பயிரையும் உடாது."

காலால் கல்லை எற்றிவிட்டு, சர்க்கார் சாட்சியைக் கிழங்கோடு சேர்த்துப் பிடுங்க ஆரம்பித்தார்.